உயிர் ஈந்த உத்தமர்கள்

உலகச் சின்னத் திடலில் பொழிலனின் காலை, சுதந்திரதேவியின் காலடியில் தொடங்கும். பீடத்தின் பின்புறத்தில் இருக்கும் சிறு கதவைத் திறந்து, மெய்ப்பாட்டுப் பலகையின் விசைகள் நேற்று வைத்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பான். பிறகு பிரமிடு, பிறகு கோலோசியம், பிறகு தாஜ்மகால். கடல் ஏறி, விமானங்கள் குறைந்து, நாடு விட்டு நாடு போவதே பெரும்பாடாகிவிட்ட காலம் அது. புகழ்பெற்ற சின்னங்களையெல்லாம் அதே உயரத்தில், அதே அகலத்தில், செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரே மைதானத்தில் கட்டி வைத்திருந்தார்கள். நடுநடுவே மிளகாய் பஜ்ஜிக் கடை, டெல்லி அப்பளக் கடை. காய்ந்து கறுத்த எண்ணெயின் நாற்றம் எகிப்தையும் ரோமாபுரியையும் ஒரே ஊராக்கியிருந்தது.

அன்று முதல் கூட்டமாகப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். தேவியைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கும்வரை அவர்கள் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். ஒருவன் இன்னொருவனின் அப்பளத்தைப் பிடுங்கினான், ஒருத்தி அழுதாள், ஆசிரியை வெயிலைத் திட்டினாள். கோட்டைத் தாண்டியதுதான் தாமதம், அத்தனை முகங்களும் சீரியல் பல்பு போல ஒன்றாக எரிந்தன. ஆசிரியை கைகூப்பினாள். அழுத பிள்ளை கண்ணீரைக்கூடத் துடைக்காமல் சிரித்தது. பலகையில் அன்றைய அளவு: உவகை ஏழு, பெருமிதம் இரண்டு.

பொழிலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய இடக்காதின் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு காப்பு ஒட்டியிருந்தது. விசை வைக்கிறவனே விசைக்கு ஆட்பட்டால் வேலை கெட்டுப்போகும் என்று அவனைப் போன்ற பொருளமைப்பாளர் ஒவ்வொருவருக்கும், சின்னங்களை நடத்தும் வாரியம் ஒரே ஒரு காப்புக் கொடுத்திருந்தது. எல்லோரும் குடித்துவிட்டு ஆடும் கல்யாண வீட்டில் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவன் நிலைமைதான் அவனுக்கு. பல்லும் ஈறும் தெரியச் சிரிக்கும் முகங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் காலைச் சாப்பாடே இறங்குவதில்லை.

கல்லுக்குள் முடியிழை போல ஓடும் உணர்கம்பிகள், கோட்டுக்குள் நிற்பவரின் மூளையைத் தொட்டு, வேண்டிய உணர்வை வேண்டிய அளவில் எழுப்பும். இதைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள். உணர்வுகளை எத்தனையாகப் பிரிப்பது என்ற கேள்வி வந்தபோது பழைய இலக்கணம் கைகொடுத்தது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டு மெய்ப்பாடு, எட்டு விசை. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பலகையில் தமிழ் எழுத்துதான் என்று மேடைப் பேச்சாளர்கள் மார்தட்டுவார்கள். அந்த எட்டில் ஒன்றை எல்லாப் பலகைகளிலும் ஈயம் ஊற்றி அடைத்திருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அடைபட்டது மூன்றாவது விசை, இளிவரல். நம் தமிழில் அருவருப்பு. நினைவுச் சின்னத்தின் முன்னால் மனிதனுக்கு வரக் கூடாத ஒரே உணர்வு அது என்று சட்டமே இருந்தது.

பொழிலனுக்குள் அந்த விசை மட்டும்தான் திறந்து கிடந்தது. சின்னங்களின் உட்பொருளைத் தேடித் தேடிப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் அவன். சுதந்திரதேவியின் காலடியில் அறுந்த சங்கிலி ஒன்று கிடக்கும். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது படாது, ஆனால் அதை விட்டுத்தான் அவள் அடியெடுத்து வைக்கிறாள். திடலில் கட்டியபோது, தெரியாததற்கு எதற்குச் செலவு என்று சங்கிலியை விட்டுவிட்டார்கள். போரில் செத்தவர்களின் பெயர்களைப் பொறித்து வாஷிங்டனில் ஒரு கறுப்புச் சுவர் எழுப்பினார்கள். பெயரைப் படிக்க வருகிறவன் அந்தப் பெயர்களுக்கு நடுவே தன் முகத்தையும் பார்க்கட்டும் என்றுதான் கல்லை அவ்வளவு பளபளப்பாக இழைத்தார்கள். இங்கே அதன் முன்னால் நின்று தலை சீவிக்கொள்கிறார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து எலும்புக்கூடாகிப்போன குவிமாடத்தை, யாரும் மறந்துவிடக் கூடாது என்று இடிந்தது இடிந்தபடியே காத்து வைத்தார்கள். திடலில் அதற்கு வண்ண விளக்குப் போட்டு, பெருமிதம் எட்டு வைத்து, ‘மனிதன் எழுந்து நிற்பான்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். எழுந்து நிற்காதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதெல்லாம் பழைய காலத்துத் திறமை. இவர்கள் பூசணிக்காயைத் தட்டில் வைத்துவிட்டு, அதுதான் சோறு என்று தின்கிறவனையே சொல்ல வைத்தார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் இயக்குநர் ஹரிகேசவன் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் எப்போதும் ரோஜா வாசனை தெளித்திருக்கும். உள்ளே போனால் மயானத்தில் மாலைக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பது போலிருக்கும்.

“வாங்க பொழிலன், உக்காருங்க. நீங்க உப்பங்காடு போகணும். திங்கக்கிழமை திறப்பு, அமைச்சர் வர்றார்.”

“அங்க என்ன சின்னம் சார்?”

“கழிவுநீர் நிலையத்துல மூணு பேர் போனாங்கல்ல, அவங்களுக்குத்தான். அருமையான சலவைக்கல். நிலையத்தை நடத்துற தூயதுளிக்காரங்களே முழுச் செலவும் ஏத்துக்கிட்டாங்க. பெருமிதம் எட்டு வெச்சிடுங்க.”

“அவங்க தொட்டியில எறக்கிவிடப்பட்டு, விஷவாயுல செத்தவங்க சார். வழக்கு நடந்துகிட்டிருக்கு. அதே கம்பெனிக்காரன் காசுலயே கல்லா?”

“நாய் வித்த காசு குரைக்குமா பொழிலன்?” என்று சொல்லித் தாமே ரசித்துச் சிரித்தார். “வழக்கு நடக்குது, அதனாலதான் சொல்றேன். ஆறட்டும்.”

ஆறட்டும் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் சட்டப் பொருள் ஒன்று வந்திருந்தது. ஒரு கொடிய நிகழ்வுக்குச் சின்னம் எழுப்பவேண்டும். திறப்பு நாளில் செத்தவரின் உறவு ஒருவர் ஊரறிய உறவுமேடையில் நிற்கவேண்டும். மேடை விளக்கு பெருமிதத்தின் பொன்னிறத்தைக் காட்டிவிட்டால் அது ‘ஆறிய நிகழ்வு’. ஆறியதை யாரும் கிளறக் கூடாது. விசாரணை, வழக்கு, தண்டனை எல்லாம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்ட நாடுகளைச் சமாதானப்படுத்தக் கொண்டுவந்த சட்டம்தான். நல்ல நோக்கம்தான். ஆனால் கொன்றவன் கையில் கிடைத்தால் நல்ல நோக்கம் எத்தனை நாள் நல்லதாக இருக்கும்? கல் நட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள்.

“நாளைக்கு வெள்ளோட்டம்,” என்றார் ஹரிகேசவன். “மத்த ரெண்டு பேரும் வடக்கத்திப் பசங்க, ஊரு பேரு தெரியல. கன்னியப்பன்னு ஒருத்தன், அவன் சம்சாரம்தான் உறவு. பாத்து முடிச்சிட்டு வாங்க.”

உப்பங்காடு கடலோரம் புதிதாக முளைத்த ஊர். வடசென்னையில் வீடிழந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். சின்னத்தைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே எழுப்பி, இரண்டையும் சேர்த்துத்தான் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். சிறகு விரித்த வெள்ளைச் சலவைக்கல் அன்னம். பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை, ஆகவே சுத்திகரிப்பின் குறியீடு. அதன் அலகிலிருந்து பன்னீர் கலந்த தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டியது. பொழிலனுக்கு அது வாந்தியெடுக்கும் அன்னமாகத்தான் தெரிந்தது. பத்தடி தள்ளி, வழக்குக்காக முத்திரை வைத்திருந்த இரும்பு மூடியின் விளிம்பில் கறுப்பும் பச்சையுமாக நுரை கசிந்துகொண்டிருந்தது. ஒரு காற்று பன்னீரைக் கொண்டுவந்தால் மறு காற்று அதைக் கொண்டுவந்தது. இரண்டில் பன்னீர் வந்தபோதுதான் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கோட்டுக்கு வெளியே தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். கன்னியப்பனின் மனைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். உடன் அவளுடைய கொழுந்தன் தணிகை, ஓங்குதாங்கான ஆள், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி நின்றான். அன்னத்தின் பீடத்தில் பொன்னெழுத்தில் பொறித்திருந்ததைத் தேசம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘ஊர் உய்ய உயிர் ஈந்த உத்தமர்கள் — கன்னியப்பன் மற்றும் இருவர்.’

“சார், ஈந்தன்னா இன்னா சார்?”

“கொடுத்தன்னு அர்த்தம்மா.”

“யாரு குட்த்தது?”

பொழிலன் பீடத்தைப் பார்த்தபடி சொன்னான். “உங்க வீட்டுக்காரர். உயிரை.”

“அவரு எங்க சார் குட்த்தாரு?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அடச்சிகினு கீது, எறங்குன்னாங்கோ. மிசினு கீதே சார், அத்த எறக்குன்னாரு. மிசினு கெட்டுப்பூட்டா புச்சு வர ரெண்டு மாசம் ஆவும்னாங்கோ. அவரு குடுக்கல சார். அவங்கோ எட்த்துகினாங்கோ.”

தமிழில் கொடுப்பதைக் கேட்க மூன்று சொற்கள் உண்டு. உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’, ஒத்தவன் கேட்டால் ‘தா’, தாழ்ந்தவன் தன்னைவிட உயர்ந்தவனிடம் கையேந்தினால் ‘ஈ’. இந்தக் கல்வெட்டை நம்பினால், தூயதுளி நிறுவனம் தொட்டியோரத்தில் கன்னியப்பனிடம் பிச்சை கேட்டு நின்றிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த புலவருக்கு இது தெரியாமலா இருக்கும்? நான்கு சொல்லுக்கு மோனை அமைந்த மகிழ்ச்சியில் சால்வையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். ‘மற்றும் இருவர்’ என்பதற்கு மோனைகூட வைக்கவில்லை.

வெள்ளோட்டம் நடந்தது. தேசம்மா கோட்டைத் தாண்டி உறவுமேடையில் ஏறினாள். ஏறும்போது கல்லாக இருந்த முகம் இரண்டாம் மூச்சில் இளகியது, மூன்றாம் மூச்சில் சிரித்தது. தலையை நிமிர்த்தி அன்னத்தைப் பார்த்து, “நல்லாக்கீது சார். எங்க ஆளு பெரிய ஆளுதான்,” என்றாள். விளக்கு பொன்னிறமாக எரிந்தது. வாரியத்தின் உதவியாளன் கைதட்டிவிட்டு, அளவு மாறாதபடி பலகையைப் பூட்டி, ஹரிகேசவனுக்குச் செய்தி சொல்லப் போனான்.

தேசம்மா வெளியே வந்தாள். கோட்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்ததும் அப்படியே நின்றாள்.

“சார், நான் சிரிச்சனா?”

“ஆமாம்மா,” என்றான் பொழிலன்.

அவள் தரையில் உட்கார்ந்து ஓங்கரித்தாள். வெறும் வயிறு, ஒன்றும் வரவில்லை. தணிகை அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“தூக்கியாந்து வாசல்ல போட்டாங்கோ சார்,” என்றாள், மூச்சு வந்ததும். “நான்தான் கய்வுனேன். திருப்பித் திருப்பி சோப்பு போட்டேன், பூட்ச்சா? வாய்க்குள்ள, மூக்குக்குள்ள, காதுக்குள்ள எல்லாம் அதான். இன்னிக்கும் சோத்துல கைய வெச்சா அந்த நாத்தம் வர்து. எனுக்கு மிச்சமா கீற அவரு அதான் சார். அத்த வெச்சிகினுதான் கோர்ட்டு படி ஏறிகினு கீறேன். உள்ள போனதும் அது பூட்ச்சு. பன்னீரு வாசன வர்து. அத்தயும் எட்த்துக்குவாங்களா?”

பொழிலனுக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “திங்கக்கிழமை விளக்கு இப்படியே எரிஞ்சா வழக்கு முடிஞ்சிடும்,” என்றான்.

“கேசு முடிஞ்சா தொட்டியத் தொறப்பாங்கோ. இவனுக்குத்தான் வாரிசு வேலை குட்த்துகீறாங்கோ. அதே தொட்டி.”

அரசனுக்குப் பின் இளவரசன் வருவது போலத் தொட்டிக்கும் வாரிசு. கருணை அடிப்படையில் என்று ஆணையில் போட்டிருப்பார்கள்.

“நான் எறங்க மாட்டேன் அண்ணி,” என்றான் தணிகை. “வெட்டிப் போட்டாலும் எறங்க மாட்டேன். நீ பயப்படாத.”

பொழிலன் காதின் பின்னால் இருந்த காப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அளவைப் பூட்டிட்டாங்கம்மா, இனிமே மாத்த முடியாது. மொத்தமா அணைக்கிற விசை ஒண்ணு என் கைரேகைக்கு மட்டும் திறக்கும். ஆனா அணைச்சா திறப்பு தள்ளிப் போகும், அவ்வளவுதான். வேற ஆளைப் போட்டு அடுத்த வாரம் முடிச்சிடுவாங்க. அதனால ஊர் முன்னாடி விளக்கு எரியணும், அது பொன்னிறமா இல்லாம எரியணும். அப்பதான் ஆறாத நிகழ்வுன்னு பதிவாகும், வழக்கும் நிக்கும். இதை நீங்க வெச்சுக்குங்க. முடிக்குள்ள மறைஞ்சிடும். உள்ள போனாலும் உங்க உணர்ச்சி உங்களுக்கே இருக்கும்.”

“அப்ப உனுக்கு?”

“நான் பலகைகிட்டதான் உக்காரணும். கோட்டுக்குள்ள.”

“உனுக்கு ஏறிக்குமே சார்.”

“ஏறும். அன்னிக்கி நான் உங்களைத் திட்டினாலும் திட்டுவேன். காதுல வாங்காதீங்க.”

அதைச் சொல்லும்போது தான் ஏதோ பெரிய தியாகம் செய்வதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அந்தச் சொல்லை எத்தனை கல்லில் எத்தனை பொய்க்கு மேல் பூசியிருக்கிறான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை பந்தல், வாழைமரம், நாதசுரம் எல்லாம் இருந்தன. நிலையத்தின் ஊழியர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து கோட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தணிகைக்கும் முன்வரிசையில் இடம். வரமாட்டேன் என்று வாசலில் நின்றவனை, மரியாதைக்காவது வாப்பா என்று இரண்டு பேர் தோளில் கைபோட்டு இழுத்துப் போனார்கள். காப்பைத் தேசம்மாவிடம் கொடுத்துவிட்டு, பொழிலன் வெறுங்காதோடு கோட்டைத் தாண்டினான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, என்ன அழகான அன்னம் என்று தோன்றியது. இத்தனை நாள் இதைச் சரியாகப் பார்க்கவே இல்லையே! வெயில் பட்டு அதன் சிறகு பால்போல ஒளிர்ந்தது. பன்னீர்த் துளி முகத்தில் பட்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. ஊர் உய்ய உயிர் ஈந்த உத்தமர்கள். எப்பேர்ப்பட்ட வரி! மற்றும் இருவர், அதிலும் எவ்வளவு அடக்கம்! பெயரைக்கூட வேண்டாம் என்று விட்டுப்போன மாமனிதர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விசை வைக்கும் பேறு தனக்குக் கிடைத்ததை நினைத்து மயிர்க்கூச்செறிந்தது.

அமைச்சர் ஒலிபெருக்கியில் பேசினார். “இந்தச் சகோதரியின் பெயரிலேயே தேசம் இருக்கிறது! தேசம்மா! தேசத்துக்காகத் தாலியை ஈந்த தாய்!” என்றார். பொழிலன் கை வலிக்கத் தட்டினான். பக்கத்தில் இருந்தவனும் அழுதுகொண்டே தட்டினான்.

தேசம்மா உறவுமேடையில் ஏறினாள். அன்னத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது, உதடு கோணியது. மேடை விளக்கு ஒருமுறை துடித்துவிட்டு அழுக்குப் பச்சையாக எரிந்தது. அந்த நிறத்தை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவள் எச்சில் கூட்டி, பொன்னெழுத்தின் மேல் காறித் துப்பினாள்.

“தூ!”

எச்சில் ‘உத்தமர்கள்’ மேல் வழிந்தது. பொழிலனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இப்படியும் ஒரு பெண்ணா? புருஷனின் புகழில் துப்புகிறாளே! இவளுக்கா காப்பைக் கொடுத்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அவள் காதில் இருப்பதை எல்லோருக்கும் சொல்லிவிட எழுந்தான். அதற்குள் முன்வரிசையிலிருந்து தணிகை மேடைக்குத் தாவிவிட்டான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர்.

“அண்ணி, எங்கண்ணன் மானத்த வாங்கிட்டியே!” என்று கத்தினான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். “எங்கண்ணன் வுட்ட வேலய நான் முடிக்கிறேன். நானே எறங்குறேன். யாரும் சொல்லத் தேவல!”

கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அங்கே காப்போடு இருந்தவர்கள் இரண்டே பேர், தேசம்மாவும் ஹரிகேசவனும். பச்சை விளக்கைக் கண்டு வெளிறிப்போயிருந்த ஹரிகேசவன் ஒரு நொடி யோசித்தார். பிறகு அமைச்சருக்குப் போட்ட ரோஜா மாலையை எடுத்துப் பொழிலன் கையில் கொடுத்தார்.

“போடுங்க அவனுக்கு,” என்றார் மெதுவாக. “ஆறாத நிகழ்வுன்னா கம்பெனி யாரையும் எறக்கக் கூடாது. தானா எறங்குறவனைத் தடுக்கச் சட்டம் கெடயாது.”

என்ன உயர்ந்த மனிதர் என்று பொழிலன் நினைத்தான். ஓடிப்போய் மாலையைத் தணிகையின் கழுத்தில் போட்டு, கட்டித் தழுவினான். காவலர்களே கண்ணீர் மல்க முத்திரையைக் கிழித்து மூடியைப் புரட்டினார்கள். உள்ளிருந்து கிளம்பிய காற்றில் முன்வரிசைப் பெண்கள் இருமினார்கள். இருமியபடியே குலவையிட்டார்கள். தணிகை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். நாதசுரக்காரர் மங்களம் வாசிக்கத் தொடங்கினார்.

தேசம்மா பாய்ந்து வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “வாணாண்டா! நான் சொல்றத கேளுடா! இவங்களுக்குப் புத்தி பூட்ச்சுடா!” என்று அலறினாள். பொழிலன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். “விடும்மா. ஒரு நல்ல காரியம் நடக்குது, கெடுக்காதே,” என்றான். அவள் அவன் கையைக் கடித்தாள். தணிகை அவளை உதறிவிட்டு ஒரு காலை விளிம்புக்கு உள்ளே விட்டான்.

அப்போது அவள் தன் முடிக்குள் கைவிட்டுக் காப்பைப் பிய்த்தாள். எம்பி, தணிகையின் காதுக்குப் பின்னால் அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

தணிகை நின்றான். கழுத்தில் கிடந்த மாலையைக் குனிந்து பார்த்தான். மூச்சை இழுத்தான், முகம் வெளிறியது. உள்ளே விட்ட காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. “இன்னாடா நிக்கிற?” என்றாள். “எறங்குடா தணிக. ஒங்கண்ணன் பேரக் காப்பாத்து. எறங்கு.” சொல்லிவிட்டு அவன் முதுகில் கைவைத்துச் செல்லமாகத் தள்ளினாள்.

தணிகை மாலையைப் பிய்த்து எறிந்தான். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தபடி, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அவள் வர மறுத்து முரண்டு பிடித்தாள், அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “கோழை! அண்ணன் பேரைக் கெடுக்கப் பொறந்த கோழை!” என்று கத்திக்கொண்டு பொழிலன் பின்னாலேயே துரத்தினான். இருவரையும் பிடித்துக் கொண்டுவந்து விளிம்பில் நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டினான்.

தாண்டியதும் மண்ணில் விழுந்தான். நாற்றம் ஒன்றாகத் திரண்டு மூக்கில் ஏறியது. ரோஜா இதழ் ஒன்று அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அந்தக் கையால் என்ன செய்தான், யார் கழுத்தில் போட்டான் என்பது ஒவ்வொன்றாக வந்து சேர, குடல் வெளியே வருவது போல வாந்தியெடுத்தான். இத்தனை வருடமும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் குமட்டியிருக்கிறது. இப்போது தன் தோலே தனக்கு ஆகவில்லை.

சற்றுத் தள்ளி, தணிகை இறக்கிவிட்ட இடத்தில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

“தணிக,” என்றாள். “உள்ள நான் இன்னாடா சொன்னேன்?”

தணிகை அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். “ஒன்னும் சொல்லல அண்ணி. வாடா, ஊட்டுக்குப் போலாம்னு கூப்ட்ட.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பொழிலன் எத்தனையோ பொய்களைக் கல்லில் ஏற்றியவன். இந்த ஒரு பொய்யைக் கேட்டபோது மட்டும் அவனுக்கு அழுகை வந்தது.

கோட்டுக்குள் ஒலிபெருக்கி விடவில்லை. “ஒருவர் போனால் என்ன? உத்தமர்களுக்கா பஞ்சம்? அடுத்தது யார்?” என்றது. “நான்! நான்!” என்று குரல்கள் எழுந்தன. நாற்காலிகளுக்கு மேலே கைகள் முளைத்தன. யாரோ ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு திறந்து கிடந்த தொட்டியை நோக்கி நடந்தான். அவன் மனைவி அவனுக்குத் திலகமிட்டாள்.

பொழிலன் எழுந்து தணிகையிடம் ஓடினான். வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். “தம்பி, அந்தக் காப்பைக் குடுப்பா. சீக்கிரம். அணைக்கிற விசை என் கைக்குத்தான் திறக்கும். நான் உள்ள போறேன்.”

தணிகை நீட்டிய கையைப் பார்த்தான். வாந்தியும் ரோஜா இதழும் அண்ணியின் பல்தடமும் இருந்த கை. காதிலிருந்து காப்பைக் கழற்றினான். அதை அந்தக் கையில் வைக்கவில்லை. விரல் பட்டுவிடாதபடி ஓரடி பின்னால் நகர்ந்து, தரையில் வைத்தான்.

பொழிலன் குனிந்து எடுத்துக்கொண்டான்.